ஃபைபர் போர்த்திய பழைய மரப்படகு: மேல்தளத்தைப் புதுப்பிக்கும் முறை

தளத்தில் பெயிண்ட் பொரிந்து நிற்கிறது. ஒரு மூலையில் மிதித்தால் கால் மெத்தென்று இறங்குகிறது. இந்த நிலையில் நேராகப் பெயிண்ட் டின்னைத் திறப்பவர்கள்தான் அதிகம். அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே பொரி திரும்பி வரும். கோளாறு பெயிண்டில் இல்லை, ஃபைபருக்கு அடியில் இருக்கிறது.

ஃபைபர், அதாவது மரத்தின்மேல் ரெசினில் ஊறவைத்து ஒட்டிய கண்ணாடி நார்த் துணி, தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. கயிறு கட்டும் கட்டையின் திருகுத் துளை, மூடியின் விளிம்பு, கைப்பிடிக் கம்பியின் அடி, இங்கெல்லாம் மயிரிழை அளவு வெடிப்பு போதும். மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் பெர்ணம் ஆற்றில் ஓடும் படகானாலும் சரி, கடலுக்குப் போகும் படகானாலும் சரி, அடிப்பலகை நன்றாக இருக்கும்போதே மேல்தளம் உளுத்துவிடுவது உண்டு. உப்புத் தண்ணீர் பூஞ்சையை ஓரளவு அடக்கி வைக்கும். மழைத் தண்ணீர் அதை வளர்த்துவிடும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் மக்கல் தொடங்கிவிடும் என்பது கணக்கு.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. ஸ்குரூடிரைவரின் பிடியால் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தளம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாகப் பேசும். ஃபைபர் மரத்தை விட்டுப் பிரிந்த இடமும் மக்கிய இடமும் ‘தொப்’ என்று சோர்ந்து ஒலிக்கும். பலாப்பழம் தட்டி வாங்குகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் மாறும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் 5 மி.மீ. டிரில் பிட்டால், அடிப்பக்கம் துளைத்துவிடாதபடி பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று துளை போடுங்கள். வெளிர்நிறத் தூள் உதிர்ந்தால் மரம் நல்லது, ஃபைபர்தான் விட்டிருக்கிறது. கறுத்த தூள் ஈரத்தோடு பிட்டில் அப்பிக்கொண்டு புளித்த வாடை அடித்தால் அந்த மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். தண்ணீர்போன்ற எப்பாக்ஸியை (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) உள்ளே ஊற்றினால் மக்கல் கல்லாகிவிடும் என்று சொல்லி விற்கும் மருந்துகளை நம்பிக் காசைப் போடாதீர்கள். ஈரமான மரத்துக்குள் அது சரியாக இறங்காது, இறங்கிய இடத்திலும் இழந்த பலம் திரும்பாது.

அடுத்து எல்லா இரும்புச் சாமான்களையும் கழற்றுங்கள். சுற்றி வெட்டி ஒட்டிவிடலாம் என்று விட்டுவைத்தால், தண்ணீர் வந்த வழி அப்படியே இருக்கும். பிரிந்த ஃபைபரை ஹீட் கன்னால் சூடாக்கி, அகலமான சுரண்டியை அடியில் கொடுத்து நெம்பினால் பாளம் பாளமாக வரும். ஒட்டியிருப்பதை 40 எண் ஃபிளாப் டிஸ்க் போட்ட கிரைண்டரால் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அதனால் பெயிண்டை நனைத்துச் சுரண்டிய பிறகே கிரைண்டரை எடுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட அரை முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். முன்கையில் பவுடர் பூசிக்கொண்டால் நார் அவ்வளவாகக் குத்தாது. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். லயத்து வாசலில் வேலை செய்வதானால் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயாத நேரமாகப் பாருங்கள். ஃபைபர் தூசி படிந்த சட்டையைப் போட்டவர் ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு உங்களைத்தான் வைவார்.

இனி உலர்த்தல். மொத்த வேலையில் பாதி நாள் இதற்கே போகும், அவசரப்பட்டுக் கெடுப்பதும் இங்கேதான். மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை விடாது. ஜூன், ஜூலை அல்லது ஜனவரி கடைசி, பிப்ரவரி வசதி. படகைச் சிமெண்டுக் கல்மேல் தூக்கி வையுங்கள், இல்லையென்றால் கரையான் ஏறும். மேலே கன்வாஸ் கட்டி நாலு பக்கமும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். தளத்தின்மேல் நேராகப் பிளாஸ்டிக் விரித்து மூடினால் ஈரம் உள்ளேயே அவியும். உள்ளறையில் ஒரு காற்றாடி ஓடட்டும்.

நம் ஊர்க் காற்றில் வெளியில் கிடக்கும் மரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவது கடினம். ஈரமானி அந்தப் பக்கம் வந்து ஒரு வாரமாக இறங்காமல் நின்றால் போதும். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு முழச் சதுரத் தெளிவான பிளாஸ்டிக்கைத் தளத்தில் நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் விடலாம். அடியில் நீர்த்துளி படிந்தால் இன்னும் காயவில்லை.

மக்கிய பிளைவுட்டை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, அதற்குமேல் இன்னும் 50 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் ஓடியிருக்கும். ஒட்டுப்போடும் பலகை தண்ணீர் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட் ஆக இருக்க வேண்டும். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், கையகலத் துண்டைச் சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது வீட்டு அலமாரிக்கான பலகை. சரிவு வெட்டி இணைப்பதானால் தடிமனைப்போல் 8 மடங்கு நீளச் சரிவு, அதாவது 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ. அது கைவராதவர்கள் நேராக வெட்டி முட்டவைத்து, அடியில் அதே தடிமனில் 150 மி.மீ. அகலப் பட்டை கொடுத்து எப்பாக்ஸியால் ஒட்டலாம். பலகையின் வெட்டு விளிம்புகள் எப்பாக்ஸியை ஸ்பாஞ்சு மாதிரி குடிக்கும், குடிப்பது நிற்கும்வரை இரண்டு மூன்று தடவை பூசுங்கள்.

திருகுத் துளைகளில்தான் இந்த வேலை நிற்கும் அல்லது கவிழும். 6 மி.மீ. போல்ட் போகும் துளையை 12 மி.மீ. ஆக அகலப்படுத்தி, அடியில் டேப் ஒட்டி, நிரப்புப் பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்புங்கள். இறுகியபின் நடுவில் மறுபடியும் 6 மி.மீ. துளை போடுங்கள். இனி அந்த வழியாகத் தண்ணீர் கசிந்தாலும் தொடுவது எப்பாக்ஸியைத்தான், மரத்தை அல்ல.

பழைய தளங்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசினே போட்டிருப்பார்கள். விலை குறைவு, ஆனால் மரத்தோடு அதற்குப் பிடிப்புக் குறைவு, அதிலும் செங்கால் (chengal) என்ற மலேசிய மரம் போன்ற பிசினுள்ள கெட்டி மரத்தோடு இன்னும் குறைவு. மரம் ஊதிச் சுருங்கும்போது விட்டுவிடும். புதிதாகப் போடும்போது எப்பாக்ஸியே போடுங்கள். இறுகிய பாலியெஸ்டரை நன்றாகத் தேய்த்துவிட்டால் அதன்மேலும் எப்பாக்ஸி ஒட்டும். எப்பாக்ஸியின்மேல் பாலியெஸ்டரை நம்பக்கூடாது.

பாலியெஸ்டரில் பழகிய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. வெயிலானால் ஹார்டனரைக் குறைப்பது, மழையானால் கூட்டுவது. எப்பாக்ஸியில் அதைச் செய்தால் ரெசின் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. டின்னில் போட்ட விகிதம் மாறக்கூடாது. அது கொள்ளளவுக் கணக்கா எடைக் கணக்கா என்றும் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மெது ஹார்டனர் வாங்க வேண்டும். 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு தடவைக்கு 300 கிராமுக்குமேல் கலக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்கி, உடனே அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ஆழமான குவளையில் நின்றால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகிவிடும்.

எந்த நேரத்தில் பூசுவது? காலை பத்து மணிக்கு வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். ஈர ரெசின்மேல் ஊசிமுனை அளவு குமிழி ஒவ்வொன்றாக எழுவதைப் பார்க்கலாம். தேய்த்துத் தள்ளினால் பக்கத்தில் இன்னொன்று எழும். இறுகியபின் அவையெல்லாம் துளை. அதனால் முதல் பூச்சை வெப்பம் இறங்கும் நேரத்தில், மாலை நாலு மணிவாக்கில் பூசுங்கள். மரம் குளிரும்போது காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். மாலையில்தான் மழையும் வரும் என்பது தெரிந்ததே, கன்வாஸைக் கழற்றாமல் வேலை செய்யுங்கள்.

அளவுக் கணக்கு: சதுர மீட்டருக்கு 200 கிராம் நெய்த ஃபைபர் துணி சாதாரணத் தளத்துக்குப் போதும். மரத்துக்கான முதல் பூச்சு 200 கிராம், துணி நனைய 250, மேலே இரண்டு நிரப்புப் பூச்சு 300. ஆக 750 கிராம். 6 சதுர மீட்டர் தளத்துக்கு 4.5 கிலோ, வீணாவதும் துளை, மூலை நிரப்பும் பட்டியும் சேர்த்து 6 கிலோ வாங்குங்கள். நறுக்கிய நார் மேட் வாங்கிவிடாதீர்கள். அதன் நார்களைப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில் கரைவதற்கென்றே செய்தது. எப்பாக்ஸியில் ஸ்டைரின் இல்லை, மேட் விறைத்து நிற்கும்.

துணி கூர்முனையில் மடியாது. வெளி விளிம்புகளைச் சுண்டுவிரல் மொத்தத்துக்கு உருட்டித் தேயுங்கள், உள்மூலைகளில் கெட்டி எப்பாக்ஸியை விரலால் இழைத்து வளைவாக்குங்கள். முதல் பூச்சு விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது துணியை விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் தகட்டால் ரெசினைத் தள்ளுங்கள். துண்டுகள் 50 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். நெசவு தெரிய வேண்டும், வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது. பளபளவென்று ரெசின் தேங்கினால் துணி மிதக்கிறது, வழித்தெடுங்கள். ரெசின் தோல்போல் இருக்கும்போதே ஓரத்தைக் கத்தியால் அறுத்துவிட்டால் மறுநாள் கிரைண்டர் வேலை மிச்சம். நெசவு மறையும்வரை நிரப்புப் பூச்சுகளைப் பூசுங்கள்.

ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்ஸியின்மேல் மெழுகுபோல ஒரு வழவழப்பு படியும். தேய்ப்பதற்கு முன்பே அதைத் தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும், பெயிண்ட் பாளமாக உரியும். கழுவியபின் 80, பிறகு 120 எண் தாள். வெயிலில் எப்பாக்ஸி நாளாவட்டத்தில் வெளுத்துப் பொடியாகும், ஆகவே எப்பாக்ஸி பிரைமர் ஒன்று, மேலே இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயிண்ட் இரண்டு கை. ரோலரால் பூசுங்கள். ஸ்பிரே அடித்தால் அதன் ஐசோசயனேட் துளிகள் நுரையீரலுக்குப் போகும், சாதாரண முகமூடி தடுக்காது. நிறம் வெளிராக இருக்கட்டும், கறும்பச்சைத் தளத்தில் மத்தியானம் வெறுங்காலோடு நிற்க முடியாது.

வழுக்காமலிருக்க, கடைசிக்கு முந்தைய பூச்சு ஈரமாக இருக்கும்போது கல்லுப்பைச் சல்லடையில் சலித்து நெருக்கமாகத் தூவலாம். காய்ந்ததும் தண்ணீர் அடித்தால் உப்புக் கரைந்து சொரசொரப்பான குழிகள் மிஞ்சும், அதன்மேல் கடைசிப் பூச்சு. சர்க்கரையிலும் இது நடக்கும், எறும்புகளைச் சமாளிக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால்.

பெயிண்ட் ஒரு வாரம் இறுகியபின் சாமான்களைத் திரும்பப் பூட்டுங்கள். 316 தர எவர்சில்வர் போல்ட், பாலியூரித்தேன் சீலண்ட். சிலிக்கோன் வேண்டாம், அது தொட்ட இடத்தில் பிறகு எந்தப் பெயிண்டும் நிற்காது. துளையின் வாயைச் சற்றே சரிவாக விரித்துவிட்டால் சீலண்ட் அங்கே வளையமாகத் தங்கும். முதல் நாள் கையால் மட்டும் முடுக்கி, மறுநாள் போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழேயுள்ள நட்டைத் திருப்புங்கள். போல்ட் சுழன்றால் அந்த வளையம் அறுந்துவிடும். பிறகு ஒருவர் மேலே ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு தெரிந்தாலும் அந்தச் சாமானை மட்டும் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டிவிடுங்கள்.