கர்த்தருக்குப் பயப்படப் பழகுவது எப்படி

தேவபயம் சிலருக்குப் பிறவியிலேயே வாய்க்கிற குணம் என்று பலர் நினைக்கிறார்கள். வேதம் அதைக் கற்றுக்கொள்ளும் காரியமாகவே பேசுகிறது. இஸ்ரவேலின் ராஜா நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதிவைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசித்துக் கர்த்தருக்குப் பயந்திருக்கக் கற்க வேண்டும் (உபாகமம் 17:18-19). ஏழு வருஷத்துக்கு ஒருமுறை கூடாரப்பண்டிகையில் ஆண், பெண், பிள்ளைகள், அந்நியர் எல்லாரையும் கூட்டி இதே நோக்கத்துக்காக வாசித்துக் காட்ட வேண்டும் (31:10-13). சங்கீதம் 34:11-ல் பிள்ளைகளை அழைத்து, "கர்த்தருக்குப் பயப்படுதலை உங்களுக்குப் போதிப்பேன்" என்று சொல்லப்படுகிறது. கற்க முடிந்த ஒன்றைத் தவறாகவும் கற்றுவிட முடியும். அதனால் முதல் வேலை, இப்போது உங்களுக்குள் இருப்பது எந்தப் பயம் என்று பார்ப்பது.

இரண்டு பயங்களைப் பிரித்தறிதல்

ஒரே கேள்வி போதும்: தவறு செய்தபின் நீங்கள் தேவனிடம் ஓடுகிறீர்களா, அவரிடமிருந்து ஓடுகிறீர்களா?

ஆதாம் பயந்து ஒளித்துக்கொண்டான் (ஆதியாகமம் 3:10). இயேசு சொன்ன உவமையில், ஒரு தாலந்து என்னும் பெருந்தொகையை வாங்கினவன் எஜமானைக் கடினமுள்ள மனுஷன் என்று எண்ணிப் பயந்து, தாலந்தை நிலத்தில் புதைத்தான் (மத்தேயு 25:24-25). அவன் திருடவில்லை, ஊதாரித்தனமாய்ச் செலவழிக்கவும் இல்லை. எஜமானைப் பற்றித் தவறான எண்ணம் வைத்திருந்தான். அந்த எண்ணம் அவன் கையைக் கட்டிப்போட்டது. அடிமைப் பயத்தின் அடையாளம் இதுதான்: மறைக்கும், முடக்கும், தண்டனையிலிருந்து தப்பினால் போதும் என்று கணக்குப் போடும்.

சீனாய் மலையடியில் இரண்டு பயங்களும் ஒரே வசனத்தில் சந்திக்கின்றன. மோசே ஜனங்களிடம் "பயப்படாதிருங்கள்" என்று சொல்லிவிட்டு, பாவம் செய்யாதபடிக்கு தேவனைப் பற்றும் பயம் அவர்களுக்கு முன்பாக இருக்கவேண்டும் என்பதற்காகவே அவர் வந்தார் என்கிறார் (யாத்திராகமம் 20:20). அடுத்த வசனத்தில் ஜனங்கள் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே காரிருளுக்குச் சமீபமாய்ச் சேருகிறார். இடி ஒன்றுதான், புகை ஒன்றுதான். ஒரு பயம் விலக வைத்தது, மற்றது கிட்டச் சேர வைத்தது.

பழங்காலத் திருச்சபைப் போதகரான அகுஸ்தீன் யோவானின் முதலாம் நிருபத்தைப் பிரசங்கித்தபோது இதற்கு இரண்டு மனைவிகளைக் காட்டினார். ஒருத்தி துரோகத்தில் மனதை வைத்து, புருஷன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். மற்றவள் புருஷனை நேசித்து, அவன் விட்டுப் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" (1 யோவான் 4:18) என்பது முதலாம் பயத்தை. இரண்டாவது பயம் அன்பு வளர வளரத் தானும் வளரும்.

எதன்மேல் கட்டுவது

நரகத்தை நினைத்துத் தேவபயத்தைத் தொடங்கலாம், ஆனால் அதன்மேல் நிற்க முடியாது. சங்கீதம் 130:4 சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." தண்டனை உண்டு, ஆகையால் பயப்படுகிறோம் என்று எதிர்பார்ப்போம். சங்கீதக்காரன் மன்னிப்பைக் காரணமாக வைக்கிறான். பேதுருவும் அப்படியே. பயத்துடனே நடந்துகொள்ளுங்கள் என்று சொன்ன கையோடு, வெள்ளியாலும் பொன்னாலும் அல்ல, கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினால் மீட்கப்பட்டீர்கள் என்று நினைப்பூட்டுகிறார் (1 பேதுரு 1:17-19). அந்த விலை தெரிந்தவனுக்குப் பாவத்தை இலேசாக எடுத்துக்கொள்ள மனம் வராது.

எனவே பாவங்களை எண்ணிப் பார்க்கும் முன் சிலுவையைப் பற்றிய ஒரு பகுதியை வாசியுங்கள். இந்த வரிசை மாறினால் பின்வரும் பயிற்சிகள் எல்லாமே பாரமாகிவிடும்.

ஐந்து வாரம், ஐந்து பகுதிகள்

வாரத்துக்கு ஒரு பகுதி. யாத்திராகமம் 19-20, ஏசாயா 6, யோபு 38 முதல் 42 வரை, மாற்கு 4:35-41, வெளிப்படுத்தல் 1:9-18. குறுகிய பகுதிகளைத் தினமும் வாசியுங்கள், யோபுவை நாளுக்கு ஓர் அதிகாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது சத்தமாக வாசிப்பது நல்லது. ஒவ்வொன்றிலும் மூன்றைக் குறித்து வையுங்கள்: தேவன் தம்மைப் பற்றி எதைக் காட்டினார், மனுஷன் என்ன ஆனான், அதன்பின் தேவன் அவனுக்கு என்ன செய்தார்.

மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். "ஐயோ! அதமானேன்" என்ற ஏசாயாவோடு நிறுத்திவிட்டால் மிச்சம் திகில் மட்டுமே. நெருப்புத்தழல் அவன் உதட்டைத் தொட்டுப் பாவம் நிவிர்த்தியானதும், "என்னை அனுப்பும்" என்று அவனே முன்வருவதும் வரை வாசிக்க வேண்டும். வெளிப்படுத்தலில் யோவான் செத்தவனைப்போல விழுகிறார். கிறிஸ்துவின் வலதுகரம் அவர்மேல் வருகிறது, "பயப்படாதே" என்ற சொல்லும் வருகிறது. மாற்குவில் சீஷர்கள் "மிகவும் பயந்து" என்று எழுதியிருப்பது காற்று நின்று அமைதல் உண்டான பிறகு. ஆபத்து நீங்கிவிட்டது, படகில் தங்களோடு இருப்பவர் யார் என்பதே அவர்களைப் பயப்படுத்துகிறது. தேவபயத்தை விளங்கிக்கொள்ள இந்த ஏழு வசனங்களைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

வாசிப்பின் முடிவில் ஒரே ஜெபம்: "நான் உமது நாமத்திற்குப் பயந்திருக்கும்படி என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" (சங்கீதம் 86:11). இந்தப் பயத்தை இருதயத்தில் வைப்பவர் தேவனே என்று எரேமியா 32:40 சொல்வதால், கேட்காமல் முயற்சி மட்டும் செய்வது வீண்.

ஜெபமும் நாவும்

ஜெபிக்க உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் பேசாதிருங்கள். யாரிடம் பேசப்போகிறோம் என்று நினைவுகூர்ந்தபின் வாயைத் திறங்கள். பிரசங்கி 5:2 கேட்பது இவ்வளவே. கர்த்தருடைய ஜெபத்தின் வரிசையைப் பின்பற்றுங்கள்: நாமம் பரிசுத்தப்படுவது முதலில், அப்பம் பிறகு. உணர்ச்சிவேகத்தில் பொருத்தனை செய்யாதீர்கள், செய்துவிட்டால் நிறைவேற்றுங்கள்.

"கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற பேச்சில் மிகுந்த கவனம் வேண்டும். விவாதத்தில் ஜெயிக்கவும், ஒரு முடிவை யாரும் கேள்வி கேட்காதபடி செய்யவும் இந்த வாக்கியத்தைப் பயன்படுத்துவது தேவனுடைய நாமத்தை வீணிலே வழங்குவதாகும். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, சோதித்துப் பாருங்கள்" என்று சொல்வது தேவனுக்குப் பயந்தவரின் பேச்சு.

யாரும் பார்க்காத இடங்கள்

இதுதான் பயிற்சியின் நடுமையம். லேவியராகமம் 19:14: "செவிடனை நிந்தியாமலும், குருடனுக்கு முன்னே தடுக்கலை வையாமலும், உன் தேவனுக்குப் பயந்திருப்பாயாக." திட்டினதைச் செவிடன் கேட்கப்போவதில்லை. தடுக்கலை வைத்தது யாரென்று குருடனுக்குத் தெரியப்போவதில்லை. அதே புத்தகம் முதியவர்களைக் கனம்பண்ணுவதிலும் (19:32), தரித்திரனிடம் வட்டி வாங்காதிருப்பதிலும் (25:36), வேலைக்காரனைக் கொடூரமாய் ஆளாதிருப்பதிலும் (25:43) இதே வார்த்தையைச் சேர்க்கிறது. எதிர்த்துக் கேட்க முடியாதவன் எங்கே இருக்கிறானோ, அங்கேதான் இந்தக் கட்டளை திரும்பத் திரும்ப வருகிறது. ஆராதனையில் கண்ணீர் விடுகிற ஒருவர் தமக்குக் கீழே வேலை செய்பவரின் கூலியைத் தாமதப்படுத்தினால், அவருடைய தேவபயத்தின் அளவைக் கூலியில் பார்க்க வேண்டும், கண்ணீரில் அல்ல.

நெகேமியாவுக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். வழக்கம் அப்படித்தான், வாங்கியிருந்தால் யாரும் அதிசயப்பட்டிருக்க மாட்டார்கள். "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை" என்கிறார் (நெகேமியா 5:15). அதிபதியாயிருந்த 12 வருஷமும் அந்தப் படியை அவர் வாங்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இரவில் 10 நிமிஷம் ஒதுக்குங்கள். சங்கீதம் 139:23-24-ஐ ஜெபமாகச் சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள். இன்று அருகில் இல்லாத ஒருவரைப் பற்றி என்ன பேசினேன்? எனக்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் எப்படி நடந்தேன்? கணக்கில், கைபேசியில், தனிமையில், யாரும் அறியமாட்டார்கள் என்று நம்பிச் செய்தது எது? மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் புறப்படாதீர்கள். அடிக்கடி இடறுகிற ஒன்றை எடுத்து ஒரு மாதம் அதன்மேல் நில்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

தீமையை நிறுத்துவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளின் (கட்டளைகளின்) விளக்கங்கள் தேவனுக்குப் பயந்து அவரை நேசிப்பதிலிருந்து தொடங்கி, செய்யக்கூடாததைச் சொன்ன இடங்களில் பெரும்பாலும் செய்ய வேண்டியதையும் சொல்கின்றன. பொய்ச்சாட்சியைப் பற்றிய கற்பனைக்கு, அயலானை அவதூறு செய்யாதிருப்பதோடு அவனுக்காகப் பரிந்து பேச வேண்டும் என்பது விளக்கம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: புறங்கூறுதலை விட்டால், அந்த நபரைப் பற்றிய ஒரு நல்ல உண்மையை அதே கூட்டத்தில் சொல்லுங்கள்.

பாவம் வெளிப்பட்டால் அதற்குரிய பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது தவறியிருந்தால் மன்னியும்" என்பது அறிக்கை ஆகாது. பொருளில் தவறு செய்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். நியாயப்பிரமாணம் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னது (லேவியராகமம் 6:5), வரி வசூலித்த சகேயு நாலத்தனையாய்த் (நான்கு மடங்காய்த்) தருவதாகச் சொன்னான். அறிக்கையிடுவது எளிதாயிருந்து திருப்பிக் கொடுப்பது மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

மனுஷருக்குப் பயப்படும் பயம்

இதை நேராக எதிர்த்துப் போராடினால் பெரும்பாலும் தோற்போம். பெரிய பயம் உள்ளே வரும்போதுதான் சிறியது இடம் விடுகிறது. எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லும்படி பார்வோன் கட்டளையிட்ட மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் அவனைப்போலப் பலமுள்ளவர்கள் அல்ல, தேவனுக்குப் பயந்தார்கள், பிள்ளைகள் பிழைத்தன (யாத்திராகமம் 1:17). ஓர் உண்மையைச் சொல்லத் தயங்கும்போது ஒரு தாளில் எழுதுங்கள்: யார் கோபப்படுவார் என்று பயப்படுகிறேன், அவர் என்னிடமிருந்து எதை எடுக்க முடியும், எதை எடுக்க முடியாது. பிறகு மத்தேயு 10:28-ஐ 31 வரை சேர்த்து வாசியுங்கள். ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று சொன்ன அதே மூச்சில், ஒரு காசுக்கு விற்கப்படும் இரண்டு அடைக்கலான் குருவிகளைப் பற்றியும், எண்ணப்பட்ட தலைமயிரைப் பற்றியும் இயேசு பேசுகிறார். 28-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது அவருடைய பேச்சைப் பாதியில் நிறுத்துவதாகும்.

எங்கே கெடுகிறது

மனச்சாட்சி புண்ணாகிப்போவது ஒன்று. ஒரே பாவத்தை நூறு தரம் அறிக்கையிட்டும் நிம்மதி இல்லை. ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினால் மறுபடி முதலிலிருந்து. பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டோமோ என்ற ஓயாத கலக்கம். இது ஆழ்ந்த பக்தியைப்போலத் தெரியும். இப்படிப்பட்டவர்களுக்கு மேலே சொன்ன இரவுச் சோதனை உதவாது, கேடு செய்யும், அதை நிறுத்திவிடுங்கள். ஒரு தரம் அறிக்கையிட்டு, 1 யோவான் 1:9-ஐச் சொல்லி, எழுந்து அடுத்த வேலைக்குப் போங்கள். எண்ணங்கள் விடாமல் துரத்தினால் நம்பிக்கைக்குரிய போதகரோடு மனநல மருத்துவரையும் பாருங்கள். சிகிச்சையால் குணமடையக்கூடிய எண்ணச்சுழற்சி நோய் (OCD) இந்த உருவத்திலும் வரும். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவல்ல.

வியாதியோ நஷ்டமோ வந்தவுடன் எந்தப் பாவத்துக்கு இது என்று தேடுவது இன்னொன்று. பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் கேட்ட அதே கேள்வியை இயேசு மறுத்தார் (யோவான் 9:3). யோபு தேவனுக்குப் பயந்தவன் என்று முதல் வசனத்திலேயே சாட்சி பெற்றவன்.

மிக மோசமான கேடு, தலைவர்கள் தேவபயத்தைத் தங்களுக்கான பயமாக மாற்றிக்கொள்வது. "அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்டால் சாபம் வரும்" என்று மிரட்டப்படும் இடத்தில் 1 தீமோத்தேயு 5:19-20-ஐத் திறந்து பாருங்கள். மூப்பன்மேல் குற்றச்சாட்டு இரண்டு மூன்று சாட்சிகளோடு வந்தால் ஏற்க வேண்டும். பாவஞ்செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும், மற்றவர்களுக்குப் பயமுண்டாகும்படி. அபிஷேகம் பெற்ற தாவீது ராஜாவையே தீர்க்கதரிசியாகிய நாத்தான் முகத்துக்கு நேராகக் கண்டித்தான். அடித்துத் துன்புறுத்துகிறவரிடம் பொறுமையாய் இருப்பதுதான் தேவபயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போய் உதவி கேளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்லும்போது

"தப்பு செய்தால் இயேசப்பா அடிப்பார்" என்று சொல்லாதீர்கள். பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒளிந்துகொள்ளத்தான். சங்கீதம் 34:13-14-இல் பாடத்திட்டமே இருக்கிறது: நாவைப் பொல்லாப்புக்கு விலக்கிக் காப்பது, கபடம் பேசாதிருப்பது, தீமையை விட்டு விலகுவது, நன்மை செய்வது, சமாதானத்தைத் தேடுவது. வாரத்துக்கு ஒன்று எடுத்து வீட்டில் நடந்ததோடு பொருத்திப் பேசுங்கள். உண்மையை ஒப்புக்கொண்ட பிள்ளைக்குக் கிடைப்பது, மறைத்த பிள்ளைக்குக் கிடைப்பதைவிடக் கடுமையாக ஒருபோதும் இருக்கக் கூடாது. நீங்கள் பிள்ளையிடம் அநியாயமாகக் கோபப்பட்டிருந்தால், அதே நாளில், அதே பிள்ளையிடம், காரணம் சேர்க்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அப்பாவும் அம்மாவும் கூட ஒருவருக்குக் கணக்குக் கொடுக்கிறவர்கள் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பது அப்போதுதான்.