புனே படுத்தால் சென்னை எழ வேண்டும்

பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்து நான் கவனிக்கும் விர்ச்சுவல் மெஷின்கள் (மென்பொருளால் உருவான கணினிகள்) மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரின் புனே டேட்டா சென்டரில் ஓடுகின்றன. மாற்று இடம் சென்னை. ஓரிடம் விழுந்தால் மெஷின்களை மாற்று இடத்தில் எழுப்பும் அஸூர் சேவையான சைட் ரெகவரியில் ரெப்ளிகேஷனை, அதாவது தொடர்ந்து நகலெடுப்பதை, ஆன் செய்வது சின்ன வேலை. முதல் நகல் போய்ச் சேரத்தான் டிஸ்க் அளவைப் பொறுத்து நேரம் பிடிக்கும். அப்புறம் 5 நிமிடத்துக்கு ஒரு மீட்புப் புள்ளி (பின்னர் அந்த நிலைக்கே மெஷினை எழுப்பலாம்) தானாக விழும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில் டெஸ்ட் ஃபெயிலோவர், அதாவது மாற்று இடத்தில் மெஷினை எழுப்பும் ஒத்திகை, செய்து பாருங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் நிஜ நெட்வொர்க்கையே தேர்ந்தெடுத்துவிட்டேன். எழுந்த மெஷின், தான் நகல் என்று தெரியாமல், இரவு 11 மணி பில் வேலையை ஓட்டி எல்லா வாடிக்கையாளருக்கும் இரண்டாவது பில்லை அனுப்பிவிட்டது. மறுநாள் ஃபில்டர் காபி தொண்டையில் இறங்கவில்லை.

மெஷின் எழுந்தால் மட்டும் போதாது. லாகின் செய்து, டேட்டாபேஸில் கடைசியாகப் பதிவான வரியின் நேரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத் தரவு போயிற்று என்பது அங்கேதான் தெரியும். டிஎன்எஸ் டிடிஎல்லை (தளப் பெயருக்கான ஐபி முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) முன்கூட்டியே 300 விநாடிக்குக் குறைத்து வையுங்கள். சென்னையில் பொது ஐபி மாறும். பழைய ஐபியைப் புரோகிராம் கோடுக்குள்ளேயே எழுதி வைத்த புண்ணியவான் உங்கள் டீமிலும் இருப்பார்.

நிஜமாகவே மாற நேர்ந்தால், சரிபார்த்த பிறகே கமிட், அதாவது மாற்றத்தை உறுதிசெய்வது. அதன்பின் வேறு மீட்புப் புள்ளிக்குப் போக முடியாது. புனே திரும்பியதும், சென்னையிலிருந்து அங்கே நகலெடுக்க வைக்கும் ரீபுரொடெக்ட் கொடுங்கள். அதுவரை சென்னை மெஷினுக்குத் துணை கிடையாது.