குழம்புச் சோறும் பூனையும்: சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

பூனைக்கு என்னென்ன ஆகாது என்று தேடினால் முதலில் சாக்லேட் வரும், அப்புறம் திராட்சை. இரண்டுமே கொடுக்கக் கூடாதவைதான். ஆனால் நம் வீட்டுப் பூனைகளுக்கு அந்த வரிசை பெரிதாக உதவாது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணரத் தேவையான மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்பதை அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2005ல் கண்டறிந்தார்கள். அதனால் சாக்லேட்டை நாமே நீட்டினாலும் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். நம் வீட்டில் ஆபத்து இருப்பது வேறு இடத்தில்: அடுப்படி மூலையில் பழைய தட்டில் பிசைந்து வைக்கிறோமே, அந்தக் குழம்புச் சோற்றில்.

மீன் வாசம் வருகிறது, பூனையும் தட்டை வழித்து நக்குகிறது. அதற்கு மேல் யார் யோசிப்பார்கள்? எங்கள் வீட்டிலும் பல வருடம் இப்படித்தான் ஓடியது. ஆனால் குழம்பில் இருப்பது மீன் மட்டுமா? வெங்காயமும் பூண்டும் இல்லாமல் நமக்குக் குழம்பே கிடையாது. அவற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. மனிதருக்கும் நாய்க்கும் இருப்பதைவிடப் பூனையின் ஹீமோகுளோபின் இந்தத் தாக்குதலுக்குச் சுலபமாக இடம் கொடுத்துவிடும். அணுக்கள் உடைந்துகொண்டே போக, ரத்தசோகை வருகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றத்தை உண்டாக்கப் போதும். 4 கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது சின்ன வெங்காயம் இரண்டோ மூன்றோ. பூண்டு அதைவிடக் கடுமை.

‘வெந்ததுதானே, ஒன்றும் செய்யாது’ என்பது ஒரு தவறு. வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ‘கறியை நன்றாகக் கழுவித்தான் தருகிறேன்’ என்பது அடுத்தது. நானும் அதைச் செய்தவன்தான். கழுவினால் மேலே ஒட்டிய மசாலா போகும், குழம்பிலேயே கிடந்து ஊறி உள்ளே இறங்கியது எப்படிப் போகும்? சால்னா, பிரியாணி, பாக்கெட் சூப், மசாலா சிப்ஸ் எல்லாம் இதே கணக்கு.

இதில் மோசமான சங்கதி, விளைவு அன்றே தெரியாது. சில நாள் கழித்துத்தான் பூனை சுருண்டு படுக்கும், மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் பழுப்பாகப் போகும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை யாரும் நினைக்கமாட்டார்கள், பழி வெயில் மேல் விழும்.

இதற்கு வழி ரொம்பச் சுலபம். மசாலா தடவும் முன்பே இரண்டு துண்டு மீனையோ கோழியையோ எடுத்து வைத்து, உப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். முள்ளையும் எலும்பையும் எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரோடு சேர்த்தே கொடுங்கள். தண்ணீரைக் கொட்டக் கூடாததற்குக் காரணம் டாரின் என்ற சத்து. இறைச்சியில் இருக்கிறது, வேகும்போது நீரில் இறங்கிவிடும். பூனையால் தன் உடலுக்குள் இதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ள முடியாது. டாரின் குறைந்தால் இதயத் தசை பலவீனமாகும், கண்ணின் விழித்திரையும் கெடும். டாரின் குறைவால் பூனைகளுக்கு இதயநோய் வருவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1987ல் வெளியிட்ட பிறகுதான் பூனைத் தீவனம் செய்யும் நிறுவனங்கள் அதன் அளவைக் கூட்டின. நாய்த் தீவனத்தைப் பூனைக்குத் தினமும் போடக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், ‘எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்றே காலம் தள்ளியது’ என்பார். இருக்கலாம். பாட்டி பார்த்தது தயிர்சாதத்தை மட்டும்தான். ராத்திரி அது பிடித்துத் தின்ற எலியையும் பல்லியையும் யார் கணக்கெடுத்தது? ஐந்தாவது மாடி அடுக்ககத்தில் அடைபட்ட பூனைக்கு அந்த வசதி இல்லை. சோறு நஞ்சல்ல, ஆனால் வயிற்றை அடைக்கும், அவ்வளவுதான். தயிர் ஒரு ஸ்பூன் தந்தால் பரவாயில்லை. பூனையைச் சைவமாக வளர்க்க ஆசைப்படுபவர்கள் முயல் வளர்க்கலாம்.

பால் விஷயத்தில் பழமொழியே நமக்கு எதிராக நிற்கிறது: ‘பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.’ பூனைக்குப் பால் பிடிக்கும், உண்மைதான். குட்டிப் பருவம் தாண்டியதும் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும், அப்புறம் வயிற்றுப்போக்குதான். தெனாலிராமன் பூனை சூட்டுக்குப் பயந்து பாலை விட்டு ஓடியது. மற்ற பூனைகளும் ஓடியிருந்தால் நல்லது. தாயில்லாத குட்டிக்கும் பசும்பால் சரிவராது, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுக்க வேண்டும்.

மீன் கழுவும்போது குடலையும் தலையையும் பச்சையாகத் தூக்கிப் போடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. மத்தி போன்ற சில மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். தினமும் பச்சையாகத் தின்னும் பூனை நாளடைவில் தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும்.

ஈரல் விலை மலிவு என்று தினமும் அதையே போடுபவர்கள் உண்டு. வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூனையால் தலையைத் திருப்ப முடியாது. எப்போதாவது சிறு துண்டு போதும். முட்டை வெந்தது என்றால் தாராளமாகத் தரலாம், பச்சை முட்டை வேண்டாம். டீ, காபி மிச்சத்தைத் தரையில் விட்டு வைக்காதீர்கள்.

பெரிய தவறு கடைசியில் நடக்கும். பூனை சோர்ந்திருக்கிறது, உடம்பு சுடுகிறது என்று பாரசிட்டமாலில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுவோம். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு இல்லை. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகலாம், முகமும் பாதமும் வீங்கலாம். மாத்திரையோ வெங்காயமோ, தின்றது தெரிந்தால் வாந்தி எடுக்க உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே தனி நஞ்சாகும். பால் ஊற்றினால் விஷம் முறியும் என்பதும் வெறும் நம்பிக்கை. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு, அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கிளம்புங்கள்.