மெதுவாகப் பெருகும் உயிர்களைக் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரிசியஸில் உயர்வகுப்பு மாணவர்களுக்கு நான் இனக்கூட்டப் பெருக்கம் பற்றிய பாடத்தை நடத்துகிறேன். எங்கள் தலைமுறை எழுதிய பிழைகளே இன்றைய விடைத்தாள்களிலும் வருகின்றன. அலகை மறப்பது, வரைபடத்தின் அச்சுக்குப் பெயரிடாமல் விடுவது போன்றவற்றை எந்த ஆசிரியரும் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கூட்டத்தின் அளவைப் பெருகும் வேகமாக எண்ணுதல்

லிச்சி பழுக்கும் காலத்தில் உறவினர் ஒருவரின் தோட்டத்துக்குப் போனால், "ஆயிரக்கணக்கில் வருகின்றன, கொஞ்சம் சுட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று அவர் பழந்தின்னி வௌவால்களைப் பற்றிக் கேட்பார். அவருடைய இழப்பு உண்மையானது. ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள பிழையை என் மாணவர்களும் அப்படியே விடையாக எழுதும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

கணக்கு எளிது. 1,000 வௌவால்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் பெண் 500. இன்னும் பருவமடையாதவற்றை விலக்கினால் ஈனக்கூடியவை 300. ஒரு தாய் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும். பிறந்த 300 குட்டிகளில் பாதி முதலாண்டைக் கடந்தால் வரவு 150. ஏற்கெனவே இருந்தவற்றில் நூற்றுக்குப் பத்து இயல்பாக இறந்தால் செலவு 100. ஆக, அந்த ஆண்டின் நிகர வளர்ச்சி 50 மட்டுமே. ஒரே பருவத்தில் 300 வௌவால்களைச் சுட்டுவிட்டால், இதே வேகத்தில் பழைய அளவை எட்ட ஏழு ஆண்டுகளுக்கு மேலாகும். இடையில் ஒரு சூறாவளி வீசினால் இன்னும் நீளும்.

கூட்டம் குறைந்தால் உணவுப் போட்டி தணிந்து வளர்ச்சி வேகமெடுக்கும் என்று சிலர் பதில் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு உணவு கிடைத்தாலும் ஒரு தாய்க்கு ஆண்டுக்கு ஒரு குட்டி என்ற வரம்பு அப்படியே நிற்கிறது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் அரசின் அனுமதியோடு நடந்த ஒழிப்பில் சுமார் 38,000 வௌவால்கள் கொல்லப்பட்டன. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலுக்கு மாற்றியது.

ஈனும் குட்டிகளை மட்டும் எண்ணுதல்

மடகாஸ்கரிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட தாங் என்னும் டென்ரெக், முள்ளெலி போன்ற சிறு பாலூட்டி, ஒரே ஈற்றில் இருபதுக்கும் மேற்பட்ட குட்டிகளை ஈனக்கூடியது. அவற்றில் எத்தனை பிழைத்து மறுபடியும் ஈனுகின்றன என்பதையும் சேர்த்தே வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும்.

ஆர், கே என்று முத்திரை குத்துதல்

வேகமாகப் பல குட்டிகளை ஈனும் உயிர்களை 'ஆர்' (r) என்றும், மெதுவாகச் சிலவற்றை மட்டும் ஈன்று பேணி வளர்ப்பவற்றை 'கே' (K) என்றும் மாணவர்கள் பிரித்துவிடுகிறார்கள். ஆனால் சூழலியலாளர்களான மக்ஆர்தரும் வில்சனும் 1967இல் விளக்கிய இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் பெரும்பாலான உயிர்கள் இருக்கின்றன.

வல்லூறு மீண்டதை எல்லாவற்றுக்கும் சான்றாக்குதல்

1974இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே என்ற நிலைக்கு வந்த மொரிசியஸ் வல்லூறு, பிறகு சில நூறாகப் பெருகியது. அந்தப் பறவையின் முதல் முட்டைகளை எடுத்து அடைகாக்க வைத்தால் தாய் மறுபடியும் முட்டையிடும். உயிரினப் பாதுகாப்பு அறிஞர் கார்ல் ஜோன்ஸ் முதலானோர் அந்த இயல்பைப் பயன்படுத்தியே அதை மீட்டார்கள். கருவைச் சுமந்து, ஈன்றபின் பாலூட்டி வளர்க்கும் வௌவாலிடம் அந்த வழிக்கு இடமே இல்லை.

தாங்குதிறனை மாறாத எண்ணாகக் கொள்ளுதல்

தாங்குதிறன் என்பது ஓர் இடத்தின் உணவும் உறைவிடமும் தாங்கக்கூடிய உயிர்களின் எண்ணிக்கை. சூறாவளி காட்டுப் பழங்களை உதிர்த்துவிட்டால் அந்த ஆண்டின் தாங்குதிறனே சரிந்துவிடுகிறது. பசித்த வௌவால்கள் அப்போது தோட்டங்களை நாடுவதைக் கண்டு அவற்றின் இனம் பெருகிவிட்டதாக எழுதுவது தவறு.