புத்தக எழுத்துரு வரையலாம் வாங்க: அ-வில் தொடங்காதீர்கள்

எழுத்துரு வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அ-வைத்தான் முதலில் வரைகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு மாதத்தைத் தொலைத்தேன். புத்தகத்தின் ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அதில் அ வருவது கொஞ்சம்தான். ப, க, த, ர, ம, ன, கால், புள்ளி இவைதான் மொய்க்கும். வேலையை அங்கே தொடங்குங்கள்.

முதலில் ப. மென்பொருளுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ் போதும், இலவசம். 1000 அலகுக் கட்டத்தில் வரையுங்கள். கோட்டின் தடிமன், எழுத்தின் உயரம், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடமான உள்வெளி மூன்றும் ப-வில் முடிவாகிவிடும். அதே அளவில் ட, ய, ம.

அடுத்து க, ன, ண. எனக்கு அடி விழுந்தது இங்கேதான். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரிண்ட் எடுத்தபோது மூன்று சுழி ண பளிச்சென்று இருந்தது. புதுச்சேரியில் மஞ்சள் நிறத் தாளில் ஆஃப்செட்டில் அடித்தபோது 10 பாயின்ட்டில் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாக நின்றன. மை தாளில் கொஞ்சம் பரவத்தான் செய்யும். சுழிகளைப் பெரிதாக்கி, கோடு சுழிக்குள் திரும்பும் இடத்தை மெல்லியதாக்கினேன். திரையில் 400 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்து ரசிப்பதை அன்றோடு விட்டேன்.

அப்புறம் ர. இதற்கும் காலுக்கும் ஒரு சாய்ந்த வால்தான் வித்தியாசம். ர், ரி, ரீ மூன்றிலும் வாலை விட்டுவிடும் எழுத்துருக்கள் உண்டு. என் கட்சி, வால் எங்கும் வேண்டும். ‘பாராரா’, ‘வாரார்’ என்று அடித்துப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

உகரம் பொறுமையைச் சோதிக்கும். உ, ஊ சேர்த்து 36 வடிவங்கள். எல்லாம் தனித்தனியாக வரைய வேண்டும். ஆனால் உகரத்தில் மூன்று கூட்டம்தான்: ஙு சு பு யு வு கீழே நேராக இறங்கும், கு டு மு ரு ழு ளு வளைந்து சுற்றும், ஞு ணு து நு லு று னு வலப்பக்கம் மேலே ஏறும். கூட்டத்துக்கு ஒன்று வரைந்துவிட்டால் மற்றவை சீக்கிரம் வந்துவிடும்.

இடைவெளிக்கு ‘பபகபபணபப’ என்று வரிசையாக அடித்து, ப-வுக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தும் நெரிசலில்லாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்து, எழுத்துகள் சேரும்போது எந்த வடிவம் வர வேண்டும் என்று எழுத்துருவுக்குள் எழுதும் விதிகள். அவை எளிது: க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் கு; க்-உம் ஷ-வும் சேர்ந்தால் க்ஷ. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் இருக்கும். அதை முன்னால் கொண்டுவருவது கணினியின் வேலை, உங்களுடையது இல்லை. பழைய நூல்களை மறுபதிப்பு செய்ய நினைத்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல வளைந்த ணை, லை, னை, ளை வடிவங்களையும் மாற்று எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள்.

சாதா எழுத்து முடிந்த பிறகுதான் தடித்த எழுத்து. கோட்டை மட்டும் பருமனாக்கினால் ண மறுபடி அடைத்துக்கொள்ளும். எழுத்தையே கொஞ்சம் அகலமாக்குங்கள். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லை, அவசரம் வேண்டாம். கூடவே ரோமன் எழுத்தும் வரையும்போது é, ç போன்ற பிரெஞ்சுக் குறிகளை மறக்காதீர்கள். தெருப் பலகையிலேயே தமிழும் பிரெஞ்சும் சேர்ந்து நிற்கும் ஊர் புதுச்சேரி.

கடைசியாக, ஒரு முழுப் பக்கத்தை 11 பாயின்ட் எழுத்து, 16 பாயின்ட் வரியிடைவெளியில் அச்செடுத்து, தலைகீழாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எங்கே கறுப்பாகத் திட்டு தெரிகிறதோ அந்த எழுத்துக்குத் திரும்பிப் போங்கள். எனக்கு இன்னும் ஞ-வில் திட்டு விழுகிறது.