கார்வெட் சி3 ஸ்டீயரிங்கில் ஆட்டம்: பாக்ஸைத் திருகுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1968 முதல் 1982 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட்டை, அதாவது சி3-ஐ, வாங்குகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் கார் நேராகப் போவதில்லை, ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். பழைய கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் தேற்றுவார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல நிலையில் உள்ள சி3, இன்றைய கார்களின் கூர்மை இல்லாவிட்டாலும், சொன்ன பேச்சைக் கேட்டு நேராக ஓடும். அப்படி ஓடவில்லை என்றால் எங்கோ ஒரு பாகம் தேய்ந்திருக்கிறது. அது எந்தப் பாகம் என்று தெரியும் முன்பே கை வைப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் ஆரம்பம்.

முதலில் கை போகும் இடம் ஸ்டீயரிங் பாக்ஸ், அதாவது ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி. மேலே ஒரு ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு லாக் நட். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினால் ப்ளே, அதாவது வீணான ஆட்டம், குறைந்த மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் சந்தோஷமாக ஓட்டுவார்கள். அப்புறம் திருப்பத்தில் வளைத்த ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்கும்.

இந்தக் கார்களில் இருப்பது சாகினாவ் தயாரித்த பாக்ஸ். உள்ளே வார்ம் ஷாஃப்ட் என்ற திருகுத் தண்டு, அதன் பள்ளங்களில் சுற்றி ஓடும் எஃகு குண்டுகள், குண்டுகள் மேல் நகரும் நட், அந்த நட்டோடு பல் பொருந்தும் செக்டர் ஷாஃப்ட். சக்கரம் நேராக இருக்கும்போது பற்கள் மிக நெருக்கமாகப் பொருந்தும்படியும், திருப்பும்போது சற்றே விலகும்படியும் இதைச் செய்திருக்கிறார்கள். ஆகவே ஸ்டீயரிங் திரும்பிய நிலையில் ஸ்க்ரூவை இறுக்கினால், நடுவுக்கு வரும்போது பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். குண்டுகள் ஓடும் பள்ளங்களும் கெடும்.

முறையான வழி வேறு. செக்டர் ஷாஃப்ட்டின் வெளி முனையில் உள்ள பிட்மேன் ஆர்ம் என்ற கையைக் கழற்றி பாக்ஸைச் சுமையிலிருந்து விடுவிக்க வேண்டும். முதலில் வார்ம் ஷாஃப்ட் பேரிங்கின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டீயரிங்கைச் சரியாக நடுவில் வைத்து மேல் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். இரண்டையும் அங்குல-பவுண்டு காட்டும் சிறிய டார்க் ரெஞ்சால் அளந்து செய்ய வேண்டும், கை உணர்வை நம்பக் கூடாது. நடுவில் ப்ளே போகும் அளவுக்கு இறுக்கியதும் திருப்பங்களில் பிடிக்கிறது என்றால், பற்கள் நடுவில் மட்டும் தேய்ந்துவிட்டன. அதற்கு ஸ்க்ரூ மருந்தல்ல, பாக்ஸைப் பிரித்து உள் பாகங்களை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் பல கார்களில் குற்றவாளி பாக்ஸே அல்ல. அதைத் தெரிந்துகொள்ளப் பலர் செய்யும் சோதனையும் தவறானது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று முடிவு கட்டுகிறார்கள். சக்கரம் தரையில் சுமையோடு இருக்கும்போதுதான் பல இணைப்புகளின் ஆட்டம் வெளியே தெரியும். சக்கரங்களோடு காரை உறுதியான ரேம்ப் மேல் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக அசைக்கட்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு இணைப்பையும் கையால் பிடித்து உணரட்டும். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதிக்கிறதா? ப்ளே அங்கேதான்.

மேலிருந்து கீழாகப் போங்கள். ஸ்டீயரிங் ஷாஃப்டையும் பாக்ஸையும் இணைப்பது ரப்பரும் துணியும் சேர்ந்த வட்டமான ஒரு கப்ளிங். எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்க் கசிவிலும் அது ஊறி இளகிவிடும். விலை குறைந்த பாகம், ஆனால் கையில் உணரும் ஆட்டத்தில் பெரிய பங்கு அதனுடையதாக இருக்கலாம். அடுத்து பாக்ஸை ஃபிரேமில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பாக்ஸே ஃபிரேமில் அசைகிறது என்றால் உள்ளே எதைச் சரிசெய்தும் பயனில்லை. பிறகு பிட்மேன் ஆர்ம், அது தள்ளும் குறுக்குத் தண்டான ரிலே ராட், அந்தத் தண்டின் மறுமுனையைத் தாங்கும் எதிர்ப்பக்க ஐட்லர் ஆர்ம், சக்கரங்களுக்குப் போகும் டை ராடுகளின் நான்கு எண்டுகள். டை ராட் பொருத்தும் ஸ்டீயரிங் ஆர்மில் இரண்டு துளைகள் உண்டு. இடமும் வலமும் ஒரே துளையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

பவர் ஸ்டீயரிங் உள்ள கார் என்றால் ஒன்றை மறக்கக் கூடாது. சி3-இல் பவர் உதவி பாக்ஸுக்குள் இல்லை. பிட்மேன் ஆர்ம் வந்து சேரும் இடத்தில் ஒரு கண்ட்ரோல் வால்வும், ரிலே ராடைத் தள்ளும் தனி சிலிண்டரும் இருக்கின்றன. வால்வுக்குள் இருக்கும் பால் ஸ்டட் தேய்ந்தால் பாக்ஸ் தேய்ந்த மாதிரியே தோன்றும். அதே சமயம் வால்வு வேலை செய்வதற்கென்றே அதில் சிறிய அசைவு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது அதைப் பார்த்துவிட்டு நல்ல வால்வைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. இந்த இடத்தை எஞ்சின் ஓடும்போது சோதியுங்கள், ஃபேனிலிருந்து கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு. கார் ஒரே பக்கமாக இழுத்தால் வால்வு சமநிலையில் இல்லாததும் காரணமாகலாம். சிலிண்டரின் ராடை ஃபிரேமிலிருந்து கழற்றி எஞ்சினை ஓட விட்டால், அது தானாக நீளவும் கூடாது, உள்ளே போகவும் கூடாது.

ஸ்டீயரிங் வட்டமே மேலும் கீழும் ஆடுவது வேறு கதை. அது சாய்த்து வைக்கக்கூடிய ஸ்டீயரிங் தண்டு (டில்ட் காலம்) உள்ள கார்களில் உள் ஸ்க்ரூக்கள் தளர்ந்ததன் அடையாளம். சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் அப்படியே விடாதீர்கள்.

இனி, அதிகம் பேர் கோட்டைவிடும் இடம்: காரின் பின்பக்கம். ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருக்கும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் கார் ஒதுங்குகிறதா? அப்படியானால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். சி3-இன் பின் சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டவை. ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு டிரெய்லிங் ஆர்ம் பிடித்திருக்கிறது. அதன் முன்முனையில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், அதாவது பின்பக்கமும் ஸ்டீயரிங் பிடிக்கும். அந்த முனை உட்காரும் ஃபிரேம் பகுதி துருப்பிடிக்கும் இடமும்கூட. உடல் ஃபைபர்கிளாஸ் என்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. அங்கே துரு ஆழமாகப் போயிருந்தால் காரை ஓட்டவே வேண்டாம்.

இந்தக் காரில் டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட்டே சஸ்பென்ஷனின் மேல் இணைப்பாகவும் வேலை செய்கிறது. அதனால் யூ ஜாயிண்ட்டோ டிஃபரென்ஷியல் யோக்கோ தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். கீழே உள்ள ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ்களுக்கும் அதே விளைவு உண்டு. பின் சக்கர பேரிங் பற்றி ஒரு எச்சரிக்கை. முன் சக்கர பேரிங்கை நட்டால் சரிசெய்யலாம், பின்னால் உள்ளது அப்படி அல்ல. உள்ளே இருக்கும் ஷிம் என்ற இடைத்தகடுதான் அதன் ப்ளேயைத் தீர்மானிக்கிறது, ஸ்பிண்டிலைக் கழற்றித்தான் அதைத் தொட முடியும். நட்டை இறுக்கிச் சரிசெய்ய முயல்வது வீண். பேரிங் ஆட்டத்தால் டிஸ்க் தள்ளாடி, காலிப்பர் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் அசைந்து, பிரேக்கில் காற்று புகும். ஸ்டீயரிங் தளர்வோடு பிரேக் பெடலும் அடிக்கடி மெத்தென்று இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் அங்கே போகட்டும்.

சக்கரத்தைச் சஸ்பென்ஷன் ஆர்மோடு இணைக்கும் முன்பக்க பால் ஜாயிண்ட்டைப் பார்க்கும்போது ஜாக்கியை ஃபிரேமுக்குக் கீழே வைக்காதீர்கள். ஸ்ப்ரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருப்பதால், அந்த ஆர்மின் வெளி முனைக்குக் கீழே தூக்கினால்தான் ஜாயிண்ட் சுமையிலிருந்து விடுபடும். சக்கரம் ஆடும்போது ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயிண்ட்.

டயரை மறந்துவிட்டுப் பாகம் வாங்குவதும் வழக்கமான தவறு. குறைவாக ஓடும் கார்களில் டயரின் பட்டை புதிது போலவே இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2209 என்றால் 2009-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்தது. அப்படிப் பழைய டயரை மாற்றுவதற்கு முன் வேறு எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

எல்லாம் மாற்றிய பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. முன் சக்கரத்தை மட்டும் பார்த்து அனுப்பினால் வேலை பாதிதான் முடிந்தது. பின் சக்கரங்களை முதலில் சரிசெய்து, அதற்கேற்ப முன் சக்கரங்களுக்கு வர வேண்டும். டிரெய்லிங் ஆர்மின் இரு பக்கமும் உள்ள ஷிம்களை மாற்றித்தான் பின் சக்கரத்தின் டோவை, அதாவது அது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்ய முடியும், அவை பெரும்பாலும் துருப்பிடித்து இறுகியிருக்கும். காரைக் கொடுக்கும் முன்பே அதைச் செய்வீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள்.