பாம்பு அப்புறம், முதலில் ஓணான்: ஊர்வனவற்றைப் படமெடுப்பது எப்படி?

ஊர்வன படம் என்றதும் பலர் நல்ல பாம்பைத் தேடித்தான் கிளம்புகிறார்கள். வேண்டாம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வேலி, முந்திரித்தோப்பு, மதில் என்று எங்கு பார்த்தாலும் ஓணான் இருக்கிறது. பகலில் வரும், ஒரே இடத்தில் வெகுநேரம் உட்காரும், விஷம் கிடையாது. அதை ஒழுங்காக எடுக்கப் பழகினால் மற்றவற்றுக்கும் அதே கணக்குதான்.

1. நேரம்

காலை 7 முதல் 9 வரை. உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெயிலில் அசையாமல் கிடக்கும் நேரம் அது. வெளிச்சமும் சாய்வாக விழுவதால் செதில்கள் எடுப்பாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு கடலூர் சில்வர் பீச் மணலில் டெலி லென்ஸ் (தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) வைத்தால் படம் மங்கலாகத்தான் வரும். சுட்ட மணலிலிருந்து எழும் காற்று அலையாடுவதே காரணம். எத்தனை விலை லென்ஸானாலும் இதற்குத் தீர்வில்லை. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் கேமராவை அரை மணி நேரம் பைக்குள்ளேயே விடுங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸ் பனி பூத்துவிடும்.

2. கேமரா

70–300 மி.மீ. ஜூம் போதும். மேனுவலில் லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் 1/500 நொடி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ ஆட்டோ. ஒற்றை ஃபோகஸ் புள்ளி, அது கண்ணின் மேல். ஓணான் தலையை ஆட்டும்போது 1/1000-க்குப் போங்கள். மணல் நிறைந்த ஃபிரேமில் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +0.7 கூட்டுங்கள். முந்திரி நிழலின் கரும்பின்னணியில் பச்சைப் பாம்பு என்றால் நேர்மாறாக −0.7.

செல்போன்காரர்கள் திரையில் கண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுக்கவும். விரலால் பெரிதாக்கும் ஜூம் வேண்டாம்.

3. நெருங்குதல்

நேராக நடக்காதீர்கள். கல்லடி வாங்கிப் பழகிய ஜீவன் அது, நேரே வருபவரைக் கண்டால் மரத்தின் மறுபக்கம் போய்விடும். குறுக்காக நான்கு எட்டு, பிறகு நில்லுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. காலையில் நிழல் நீளம் என்பதால் சூரியனை முழுக்க முதுகில் வாங்காமல் சற்றே தோள்பக்கம் வையுங்கள். அது ஒளிந்துகொண்டால் துரத்த வேண்டாம். அசையாமல் இருந்தால் பல சமயம் தானே எட்டிப் பார்க்கும்.

4. ஃபிரேம்

நின்றபடி மேலிருந்து எடுப்பதுதான் புதியவர்களின் படங்களைக் கெடுக்கும் முதல் காரணம். ஓணான் தரையோடு ஒட்டிய கோடாகத் தெரியும், பின்னணி முழுக்கச் சருகாக இருக்கும். லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். தரையில் இருந்தால் ஒரு சாக்கை விரித்துப் படுங்கள். படுக்கும் முன் அந்த இடத்தை நீளக் குச்சியால் கிளறிப் பார்ப்பது கட்டாயம்: முந்திரிச் சருகில் கண்ணாடி விரியன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது.

இறங்கியதும் தலையைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளைச் சுவரின் விளிம்போ ஒரு குச்சியோ தலைக்குப் பின்னால் முளைத்திருந்தால், அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே மறைந்துவிடும். பின்னணி பத்தடி தள்ளி இருந்தால் வழுவழுப்பான நிறமாகக் கரையும். ஓரடியில் இருந்தால் எஃப் எண்ணைக் குறைத்தாலும் அந்த அளவுக்குக் கரையாது.

அடுத்து, உடம்பு. 300 மி.மீ.யில் 2 மீட்டர் தூரத்தில் எஃப்/8 வைத்தாலும் தெளிவாக வரும் ஆழம் ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 செ.மீ. தான். ஓணான் சாய்வாக இருந்தால் கண் தெளியும், தோள் மங்கும். உடம்பு லென்ஸுக்கு இணையாக வரும்வரை நீங்கள்தான் சுற்றி வர வேண்டும்.

வால் பெரிய தலைவலி. ஓணானின் வால் உடம்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். முழு வாலையும் அடக்குவதென்றால் ஃபிரேமை நெட்டாகவோ மூலைக்கு மூலையாகவோ வையுங்கள். முடியாதென்றால் தைரியமாகத் தோளோடு வெட்டுங்கள். நுனி மட்டும் அரை அங்குலம் வெட்டுப்பட்ட படம்தான் பார்க்கச் சகிக்காது. பார்வை போகும் திசையில் இடம் விடுங்கள்.

கடலோர மணல்மேட்டில் விசிறித்தொண்டை ஓணான் கிடைத்தால் விடாதீர்கள். 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே புதுச்சேரியின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் வைத்தார். ஆண் தொண்டையை விரிக்கும்போது பக்கவாட்டில் இருந்தால்தான் விசிறி முழுதாக வரும்.

5. பாம்பு

பாம்பில் முதலில் பச்சைப் பாம்பு. புதரில் நம் கண் உயரத்திலேயே கிடக்கும். கண்ணைக் கொத்தும் என்பது வெறும் பேச்சு. ஆனாலும் இலேசான விஷம் உண்டு, தொடக் கூடாது. பக்கவாட்டில் எடுத்தால் கூர்மூக்கும், கிடைமட்டமான கண்மணியும் தெரியும். இனம் தெரியாத பாம்பென்றால் 3 மீட்டருக்குள் போகாதீர்கள், தரையில் படுக்கவும் கூடாது. குச்சியால் எடுத்து நல்ல இடத்தில் வைத்துப் படம் பிடிப்பது வேலியில் போற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்கிற கதை. கடித்தால் அசையாமல் இருந்து 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரி. கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம்.

6. பிறகு

உடும்பு, நட்சத்திர ஆமை படங்களை வெளியிடும் முன் எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறிப்பை நீக்குங்கள், பிடிப்பவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். முட்டையிட ஏறும் கடலாமைக்கு ஃபிளாஷ் கூடவே கூடாது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் லென்ஸைத் துடைக்க அவசரப்படாதீர்கள். முதலில் ஊதுகுமிழால் மணலைப் போக்கிவிட்டு, பிறகு ஈரத்துணியால் உப்பை எடுங்கள்.